முட்டுக்கட்டை போடும் விரல்

மேசைமேல் விரித்த பலகையில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் வளைந்து நெளிந்து ஓடுகிறது. கொஞ்ச தூரம் நேர்ப்பாதை, அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவு, சின்ன மேடு, மேட்டை இறங்கிய கையோடு வலப்பக்கம் ஓர் இறுக்கமான திருப்பம். பள்ளத்தின் இரு கரையிலும் செம்பு நாடா ஒட்டியிருக்கிறது. அசல் காரை 32-இல் ஒரு பங்காகச் சுருக்கிய, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ராலி கார் ஒன்றை எடுத்து, அதன் அடியில் நீண்டிருக்கும் நாக்குப் போன்ற தகட்டைப் பள்ளத்துக்குள் இறக்கி வைக்கிறார்கள். ஓட்டுபவர் கையில் துப்பாக்கிப் பிடி போல ஒரு கண்ட்ரோலர். ஆள்காட்டி விரல் விசையை அழுத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஏழெட்டு விநாடியில் கார் மறுமுனைக் கோட்டைக் கடந்துவிடும். இல்லையென்றால் நடுவழியில் ஏதோ ஒரு வளைவில் எகிறிப் பலகைமேல் குப்புறக் கிடக்கும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். முட்டி மோத பக்கத்தில் வேறு கார் கிடையாது, போட்டி கடிகாரத்தோடு. இப்படி நாலைந்து தடங்களில் ஆளுக்கு இரண்டு மூன்று முறை ஓட்டி, எல்லா நேரங்களையும் கூட்டி, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரை வெற்றியாளராக அறிவிப்பார்கள். இதுதான் ஸ்லாட் கார் ராலி. பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் பொழுதுபோக்குக் கழகங்களில் வேலை முடிந்து வரும் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்கிவைக்கிறார்கள்.

முதல்முறை பார்ப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஸ்டியரிங்கே இல்லையே, இதில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. காரைத் திருப்பும் வேலையைப் பள்ளம் பார்த்துக்கொள்கிறது. மனிதருக்கு மிஞ்சியிருப்பது விசையை அழுத்துவதும் விடுவதும் மட்டுமே. என் கட்சி என்னவென்றால், அந்த மிச்சத்தில்தான் பந்தயத்தின் உயிரே இருக்கிறது. வேகமாகப் போவது எவருக்கும் வரும். எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது வேகத்தைக் குறைப்பது என்பதுதான் ஓட்டுநரை ஓட்டுநராக்குகிறது. ஸ்லாட் கார் மற்றதையெல்லாம் உதிர்த்துவிட்டு அந்த ஒரு திறமையை மட்டும் மேசைமேல் எடுத்து வைக்கிறது. அதிலும் ராலி வடிவம், பணமோ பெரிய கட்டடமோ இல்லாத சின்ன ஊர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. விழுப்புரம் மாவட்டத்தில், ஒரு பக்கம் செம்மண் மேடும் வடக்கே மரக்காணம் உப்பளங்களுமாக இருக்கும் இரும்பை போன்ற ஓர் ஊரை வைத்தே இதை யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த விரல் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். செம்பு நாடா இரண்டிலும் 12 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. காரின் நாக்குக்கு இருபுறமும் மெல்லிய செம்புக் கம்பிகளைப் பட்டையாகப் பின்னிய இரண்டு துண்டுகள் நாடாவை உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றுகின்றன. கண்ட்ரோலரின் பழைய வடிவம் நம் வீட்டு மின்விசிறிக்கு ஒரு காலத்தில் இருந்த பெட்டி ரெகுலேட்டரின் தம்பி. உள்ளே மின்தடைக் கம்பிச் சுருள் இருக்கும். விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குத் தடை குறைந்து மோட்டார் வேகமெடுக்கும். அழகு இருப்பது விசையை விடுவதில். விரலை முழுக்க எடுத்தால் மின்சாரம் நிற்பதோடு வேலை முடிவதில்லை. மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணமே டைனமோ ஆகி, தானே உண்டாக்கும் மின்சாரத்தால் தன்னையே இழுத்துப் பிடிக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் வரும்போது மோட்டாரையே பிரேக்காக்குகிறதே, அதே இயற்பியல்தான் இந்த மேசைமேலும். ஆக, விரலை எடுப்பது சும்மா இருப்பதாகாது. அது பிரேக் போடுவது. கால் விநாடி முன்னால் எடுத்தால் நேரம் போயிற்று, கால் விநாடி பின்னால் எடுத்தால் கார் போயிற்று.

ஏன் அவ்வளவு துல்லியம் வேண்டும்? வளைவில் காரை வெளியே தள்ளும் போக்கு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது. 10 விழுக்காடு கூடுதல் வேகத்தில் அதே வளைவைச் சுற்ற வேண்டுமானால் 21 விழுக்காடு கூடுதல் பிடிமானம் வேண்டும். டயருக்கு அவ்வளவு பிடிமானம் இல்லையென்றால் முதலில் வால் வெளியே வீசும், பிறகு நாக்கு பள்ளத்தை விட்டு வெளியே வரும். விநாடிக்கு 3 மீட்டர் ஓடும் பொம்மை அளவுக் காரின் வேகத்தை 32-ஆல் பெருக்கிப் பாருங்கள்: அசல் அளவில் மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் ஒன்றை உள்ளங்கை அகலமுள்ள கொண்டை ஊசி வளைவுக்குள் அடக்க வேண்டும். கடைகளில் விற்கும் சில கார்களின் அடியில் காந்தம் வைத்து, தடத்திலுள்ள இரும்புத் தண்டவாளத்தோடு காரை ஒட்டவைத்து, இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறார்கள். ராலிக்காரர்கள் பலர் அந்தக் காந்தத்தைக் கழற்றி வைத்துவிடுவார்கள். காந்தம் இருந்தால் விசையை முழுக்க அழுத்திக்கொண்டே போகலாம். விரலுக்கு வேலை இருக்காது. செம்பு நாடா ஒட்டிய மரத்தடத்திலோ காந்தத்துக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. அங்கே டயரும் எடையும் விரலும்தான் கணக்கு.

ஸ்டியரிங் இல்லாத வண்டி நமக்குப் புதிதும் இல்லை. கோயில் தேருக்கு ஏது ஸ்டியரிங்? வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இழுப்பார்கள். தேரைத் தெருமுனையில் திருப்புவதும், வீட்டுத் திண்ணையில் ஏறாமல் காப்பதும், நிலையில் கொண்டுபோய் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போய்விடவில்லை. ஊரே இழுப்பைப் பார்க்கிறது. தேர் தெரிந்தவர்கள் கட்டையைப் பார்ப்பார்கள். அன்றாடப் பேச்சில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல் என்று ஆகிவிட்டது வருத்தமான விஷயம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேரோட்டமே இல்லை. ஸ்லாட் கார் ஓட்டுபவரின் விரல் செய்வதும் அதே வேலைதான்.

அடுத்த மறுப்பு எளிதில் வாயை மூடாது: இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், இதற்கு இத்தனை தத்துவமா? பிறப்பைப் பார்த்தால் இது சாமான்தான், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912-லேயே தண்டவாளத்தில் ஓடும் மின்சாரப் பந்தயக் கார்களை விற்றது. இன்றுள்ள வடிவத்துக்கு வழிகாட்டியவர் ஃபிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர். கருவிகள் செய்யும் தொழிலிலிருந்து வந்தவர். அவருடைய மினிமாடல்ஸ் நிறுவனம் 1952 முதல் சுருள்வில் முறுக்கி ஓடும் ஸ்கேலக்ஸ் என்ற தகரக் கார்களை விற்றது. சுருள்வில் கார் ஒரு தடவை ஓடி நின்றுவிடும். வாங்கியவருக்கு அதில் செய்ய எதுவும் இல்லை. அதற்குள் மின்மோட்டாரை வைத்து, ரப்பர் தடத்தில் பள்ளம் போட்டு, ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்று பெயரிட்டு 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் இறக்கினார். தேவை தாங்காமல் அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். 1962 முதல் பார்சிலோனாவிலும் உற்பத்தி நடந்தது. ஸ்பெயின் மக்கள் நாவில் அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், மாட்ரிட் நகரில் அட்டோச்சா பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப்போன மேம்பாலங்களுக்கே 'ஸ்கேலக்ஸ்ட்ரிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பாலத்தை 1980-களின் நடுவில் இடித்தும்விட்டார்கள். பெயர் இன்னும் இருக்கிறது.

முக்கியமான திருப்பம் ஒன்று இதில் உண்டு. ஆரம்பகாலத்தில் பொத்தானை அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும்; நடுவில் எதுவும் கிடையாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலர் வந்த பிறகுதான் திறமை என்ற சொல்லுக்கு இடம் வந்தது. இதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். பொம்மைகளுக்கு உலகச் சுங்கப் பட்டியலில் எண் 9503. போட்டித் தன்மையுள்ள மின்சாரக் கார்ப் பந்தயத் தொகுதிகளை அங்கே வைக்காமல், பில்லியர்ட்ஸ் போன்ற ஆட்டங்கள் இருக்கும் 9504-இல் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கென்றே 9504 90 10 என்று தனி எண்ணும் கொடுத்திருக்கிறது. சுங்க அதிகாரிக்குத் தத்துவத்தில் அக்கறை இல்லை. சாமானா ஆட்டமா என்று பார்த்துத்தான் வரி போட வேண்டும். பார்த்து, ஆட்டம் என்று எழுதியிருக்கிறார்.

ஏறிப் போக முடியாத வண்டியில் என்ன இன்பம் என்ற கேள்விக்கும் தமிழில் பழைய பதில் இருக்கிறது. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து கொடுத்த குதிரை பூட்டிய சின்ன வண்டியைச் சொல்கிறார். அதில் ஏறிப் போகும் சுகம் பிள்ளைகளுக்குக் கிடையாது. கையால் இழுத்துக்கொண்டு ஓடும் சுகம் உண்டு, அது போதும் அவர்களுக்கு. தலைவனின் நட்பைச் சொல்ல வந்த தோழிக்கு அந்த வண்டி உவமையாகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்தான். சின்ன வண்டியை அற்பம் என்று தள்ளும் பழக்கம் நம் இலக்கியத்தில் இல்லை. பிற்காலத்தில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, ஸ்லாட் கார் என்றாலே நாலு பாதை, எட்டுப் பாதை போட்டு எல்லோரும் ஒன்றாகச் சுற்றும் வட்டப் பந்தயம்தானே பெயர்பெற்றது; ராலியை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? இரண்டும் வெவ்வேறு விளையாட்டு. நம் ரேக்ளாவைப் பார்த்தால் சட்டென்று புரியும். மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, வண்டிகளை ஒன்றாக அவிழ்த்துவிட்டுச் சாலையில் மைல் கணக்கில் ஓட்டுகிறார்கள். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்தை ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்க்கிறார்கள். முன்னது முந்துவது, பின்னது தன் ஓட்டத்தைத் தானே செம்மைப்படுத்துவது. ஸ்லாட் கார் ராலி கொங்கு ரேக்ளாவின் இனம். தோற்றவர் எதிராளி இடித்தான், பாதை சரியில்லை என்று சொல்ல வழியில்லை. எல்லோருக்கும் அதே பள்ளம்தான். அதோடு கணக்கும் தெளிவாக இருக்கிறது. 15 மீட்டர் தடம் ஒன்றை எட்டு விநாடியில் முடிக்கும் ஒருவர், முரட்டுத்தனமாக ஓட்டினால் அரை விநாடி மிச்சம் பிடிக்கலாம். ஒரே ஒரு தடவை கார் எகிறினால் அதை எடுத்துப் பள்ளத்தில் பொருத்தவே மூன்று விநாடி போய்விடும். ஆறு தடவை துணிந்து சேர்த்தது ஒரு தடவை விழுந்ததில் கரைகிறது. அதனால்தான் மாலை முடிவில் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் விழாமல் ஓட்டியவர் பெயர் இருக்கிறது.

ராலியின் இன்னொரு பாதி பழுதுபார்ப்பது. தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் டயரைத் துடைக்க வேண்டும், கலைந்த செம்புப் பின்னலைச் சீவி நேராக்க வேண்டும், அச்சு வளைந்திருந்தால் மாற்ற வேண்டும். அசல் ராலியிலும் இப்படித்தான். வண்டி தாங்க வேண்டும் என்பது வேகத்துக்குச் சமமான நிபந்தனை. இதுவும் நம் கடற்கரைக்குப் பழகிய விஷயம். உப்பு விற்ற உமணர்கள் பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதை ஔவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் சொல்கிறார். பள்ளம் இருக்கும், மேடு இருக்கும், வழியில் என்ன ஆகும் என்று யார் கண்டது என்ற முன்யோசனை. அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதை உவமையாக்கினார். உப்புக்கரை வணிகனின் அந்த முன்யோசனைதான் ராலிக்காரரின் கருவிப்பெட்டி.

இனி ஊருக்கு வருவோம். வேகத்துக்கு இடம் தேடிய கதை தமிழ்நாட்டில் பழையது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போரில் போட்டுக் கைவிட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் திறந்தார்கள். கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் 2005-இலும் சென்னையிலிருந்து கருண் சந்தோக் 2010-இலும் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய மூன்றரைக் கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தது. பொதுப்பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்று வழக்கும் நடந்தது. பெருமைதான். ஆனால் இரும்பையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்தாலும் வண்டி, டயர், உடை, உரிமம் என்று செலவு ஒரு சராசரிக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. பக்கத்திலேயே, செலவில்லாமல் கிடைப்பது கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கே இரவில் பைக் பந்தயம் ஓட்டி மாட்டியவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. மாட்டாமல் மோதியவர்கள் பற்றிய செய்தியும் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது; 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். மேசைமேல் ஸ்லாட் கார் ஓட்டினால் சாலைப் பந்தயம் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது. வேகத்தின்மேல் ஆசை உள்ள பதினேழு வயதுப் பையனிடம் 'ஓட்டாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு, 'இங்கே ஓட்டு' என்று காட்ட ஓர் இடமும் வைக்காதது நம் குறை என்றுதான் சொல்கிறேன். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சாலைகூட இல்லை.

இடம் என்றால் எவ்வளவு? இங்கேதான் ராலி வட்டப் பந்தயத்தை வெல்கிறது. வட்டத்துக்குப் பல பாதை, பல கண்ட்ரோலர், சுற்று எண்ணும் கருவி எல்லாம் வேண்டும். ராலிக்கு ஒரே பள்ளம், ஒரே கண்ட்ரோலர், ஒரு கடிகாரம். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றில் வளைத்து வளைத்துப் போட்டால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தடம் கிடைக்கும்; அசல் அளவில் அது முந்நூறு மீட்டருக்கு மேல். தச்சரிடம் ரவுட்டர் இயந்திரம் இருந்தால் பள்ளம் அறுப்பது ஒரு பகல் வேலை. மோட்டார் ஓடும்போது பெரும்பாலும் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும், ஆகவே மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்று ஒரு மாலைக்குப் போதும். மின்வெட்டு வந்தாலும் பந்தயம் நிற்காது. பேட்டரியைப் பயன்படுத்தினால் நடுவில் ஃபியூஸ் கட்டாயம். இரண்டு நாடாவும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் கம்பி பழுத்துவிடும். கடிகாரத்துக்குக் கைப்பேசி போதுமென்று தொடங்கலாம். ஆனால் விரலால் அமுக்கும் நேரத்தில் விநாடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகும். புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் அகச்சிவப்பு உணரி வைத்து, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையோடு இணைத்தால் பிசகு தீர்ந்தது. அது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை.

தடத்தின் வடிவத்துக்கு வெளிநாட்டுப் படப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இரும்பையைச் சுற்றிய செம்மண் மேட்டில் மழைநீர் அறுத்த ஓடைகள் இருக்கின்றன. கரை செங்குத்தாக இறங்கி, அடி மணலாக நெளிந்து போகும். ஒரு தடம் அப்படி இருக்கலாம். இன்னொன்று மரக்காணம் உப்பளத்தின் வரப்பு: நீண்ட நேர்ப்பாதை, பாத்தி முடியும் இடத்தில் சட்டென்று செங்கோணத் திருப்பம், மறுபடி நேர்ப்பாதை. பார்க்க எளிது, ஓட்டினால்தான் தெரியும், இத்தனை நீளமான நேர்ப்பாதைக்குப் பிறகு விரலை எடுக்க மனம் வராது என்பது. மூன்றாவதாகக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழு வளைவுகளையாவது பலகைக்குக் கொண்டுவரலாம். ஸ்பெயினில் மண் தடத்துக்குக் கோகோப் பொடியும் பனித் தடத்துக்கு மாவும் தூவிப் பிடிமானத்தைக் குறைக்கிறார்கள். மரக்காணத்தில் கல்லுப்பைத் தூவினால் என்ன என்று தோன்றும். 3 மில்லிமீட்டர் கல்லுப்பு அசல் அளவில் பத்து சென்டிமீட்டர் கருங்கல். காட்சிக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் உப்பை மட்டும் பலகைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஈரக் கடற்காற்றில் உப்பு செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் துருவாக்கும், கார் நடுவழியில் திக்கித் திக்கி நிற்கும். இந்தக் கரையில் தடம் வைப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் நாடாவைத் துணியால் துடைத்த பிறகே விளக்கைப் போட வேண்டும், எம்.டி.எஃப் பலகை ஈரத்தில் உப்பிவிடும் என்பதால் நல்ல பிளைவுட்டே வாங்க வேண்டும்.

விலை இதற்கு உண்மையான தடை, மழுப்ப வேண்டாம். இறக்குமதித் தொகுதிகள் கப்பல் கட்டணமும் வரியும் சேர்ந்து கையைச் சுடும் விலையில்தான் வருகின்றன. அவற்றை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் இது பணக்கார வீட்டு வரவேற்பறையைத் தாண்டாது. ஆனால் தொகுதி வேறு, விளையாட்டு வேறு. இரண்டு மூன்று நல்ல கார்களைக் கழகம் பொதுவில் வாங்கி எல்லோரும் அதையே ஓட்டினால் செலவும் குறையும், நியாயமும் கூடும். பணம் கொடுத்து வேகம் வாங்க எவருக்கும் வழி இருக்காது. மற்றதெல்லாம் இங்கேயே இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர் இருக்கிறார், சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் இருக்கிறார். காரின் மூக்கு லேசாக இருந்தால் நாக்குக்குப் பக்கத்தில் சின்ன ஈயத்துண்டு ஒட்டுவார்கள். மீனவர் வலையில் கட்டும் ஈயக்குண்டைத் தட்டித் தகடாக்கினால் போதும், தட்டியவர் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும். டயர் உருண்டையாக இல்லாவிட்டால் கார் குதிக்கும். மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, சுழலும் டயரை உப்புத்தாளின்மேல் லேசாக அமுக்கிப் பிடிப்பார்கள். ரப்பர் கருந்தூளாக உதிரும். இரண்டு நிமிடத்தில் குதிப்பு அடங்கி, கார் தரையோடு ஒட்டிக்கொண்டு உறுமும். அந்தச் சத்த மாற்றத்தை ஒரு தடவை கேட்ட பிள்ளைக்கு அச்சு, மையம், அதிர்வு என்ற பாடங்களைப் பிறகு கரும்பலகையில் சொல்லிப் புரியவைக்க மெனக்கெட வேண்டாம்.

திரைக்காரர்களின் மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். கணினியில் ராலி விளையாட்டு வந்தாயிற்று, அதில் ஸ்டியரிங் உண்டு, உலகத் தடங்கள் எல்லாம் உண்டு, எதற்கு இந்தப் பலகை? ஓட்டும் கலையைப் பொறுத்தவரை திரை இதைவிட நிறையக் கற்றுத்தருகிறது. தொழில்முறை ஓட்டுநர்களே அதில் பயிற்சி எடுக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திரையில் உடைவது எதுவும் உடைவதில்லை. பொத்தானை அழுத்தினால் புதிய கார் வந்து நிற்கிறது. இங்கே பின்னல் தேய்ந்தால் காரைக் கவிழ்த்துப் போட்டு மாற்ற வேண்டும், கம்பி விட்டுப்போனால் பற்றவைக்க வேண்டும். ஏன் ஓடவில்லை என்று விரலால் தடவித் தேடும் பழக்கம் கணினி தராதது. இன்னொன்று, திரை முன்னால் ஆளாளுக்குத் தனித்தனி அறை. பலகையைச் சுற்றி நின்றே ஆக வேண்டும்.

நின்றே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார் எகிறினால் எடுத்து வைக்க ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஆள் வேண்டும். மார்ஷல் என்பார்கள். கழகங்களில் இதற்குத் தனி ஆள் கிடையாது. ஓட்டி முடித்தவரே அடுத்தவருக்கு மார்ஷல். ஒரு நிமிடம் முன்பு யாரைத் தோற்கடிக்கப் பார்த்தாரோ அவருடைய காரை இவர் பாய்ந்து எடுத்து, நாக்கைப் பள்ளத்தில் சரியாக இறக்கி, கையை விலக்க வேண்டும். மெத்தனமாக எடுத்தால் எதிராளிக்கு நேரம் போகும், தனக்கு லாபம். அப்படிச் செய்வதில்லை என்பதில்தான் மாலையே நிற்கிறது. அடுத்த சுற்றில் தன் கார் விழும்போது அங்கே நிற்கப்போவது அவர்தான். இரும்பைக்குப் பக்கத்திலேயே 1968 முதல் பல நாட்டு மக்கள் வாழும் ஆரோவில் இருக்கிறது. சுற்றிலும் முந்திரித் தோப்பும் வயலும் கூலிவேலையுமாகத் தமிழ்க் கிராமங்கள். மொழி தெரியாதவர்களும் வயது ஒவ்வாதவர்களும் ஒரே வளைவில் மாறி மாறி நிற்பதற்கு இந்த விளையாட்டில் யாரையும் தனியாக அழைக்க வேண்டியதில்லை, விதியே அப்படி. அறுபது வயதுத் தச்சரின் கார் விழுந்தால் பன்னிரண்டு வயதுப் பெண் எடுத்து வைப்பாள். அவள் கார் விழுந்தால் அவர் குனிய வேண்டும்.

1960-களில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வாடகைத் தடங்கள் முளைத்து, பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. இது ஒரு காலத்து மோகம், ஓய்ந்துவிட்டது என்பார் கூற்றுக்கு அதுவே சான்று. ஆனால் மூடப்பட்டவை லாபத்துக்கு நடந்த கூடங்கள். உறுப்பினர் சந்தாவிலும் சொந்த உழைப்பிலும் நடந்த கழகங்கள் சிறிதானாலும் தொடர்ந்தன, இன்றும் நடக்கின்றன. வாடகைக்கு எடுத்த தடம் பழுதானால் ஆள் வேறு கடைக்குப் போவார். தானே அறுத்து, தானே நாடா ஒட்டிய தடம் பழுதானால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வருவார். இரும்பையில் முதல் மாலைக்கு வேண்டியது ஒரு பலகை, ஒரு பேட்டரி, இரண்டு கார், வளைவுகளில் நிற்க ஐந்தாறு பேர், கடற்காற்று புகாமல் ஜன்னல் சாத்தக்கூடிய ஓர் அறை.